ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை உங்க வீட்டில் இருக்கா?



ரயில் என்று சொன்னாலே கண் விரியும் ஒரு பிள்ளை உங்க வீட்டில் இருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். அந்தப் பிள்ளை நீங்களாகவே இருந்தாலும் சரி, வயசு நாற்பது ஆகியிருந்தாலும் சரி, கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படிங்க.

நான் வேலை பார்ப்பது ரயில்வே மெயின் லைனை ஒட்டிய ஒரு அரசு மருத்துவமனை. இரவு டியூட்டியில் கேஷுவாலிட்டி அடங்கிய நேரத்தில் ஹாரன் சத்தம் தெளிவாகக் கேட்கும். ரயிலில் அடிபட்டு வருபவர்களைப் பார்ப்பது எங்களுக்குப் புதுசு இல்லை. தண்டவாளத்தைக் கடந்தவர்கள், படியில் தொங்கியவர்கள், போதையில் படுத்தவர்கள். இப்போது கொஞ்ச வருஷமா ரீல்ஸ் எடுக்கப் போனவர்களும்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். பதினேழு வயசு. பிளஸ் டூ. (அவனிடமும் அவன் அப்பாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. ரத்தப்போக்கை நிறுத்தி, ட்ரிப் ஏற்றி, வலி மருந்து கொடுத்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். நினைவு நன்றாக இருந்தது. எப்படி ஆச்சு தம்பி என்று கேட்டேன்.

"எக்ஸ்பிரஸ் வீடியோ எடுத்துட்டு இருந்தேன் சார். டபிள்யூ.ஏ.பி-7. ஃப்ரேமுக்குள்ள முழுசா வரணும்னு ஒரு அடி பின்னாடி போனேன். பக்கத்து லைன்ல டபிள்யூ.ஏ.ஜி-9 வந்தது தெரியல."

கால் போகப்போகிறது. அந்த நிலையில் தன் மேல் ஏறிய எஞ்சின் என்ன ரகம் என்று எனக்குச் சரியாகச் சொல்கிறான்.

கூட்ஸ் மெதுவாக வந்ததால் குதித்து உயிர் தப்பினான். கால் தப்பவில்லை.

அவன் அப்பா வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரயிலு ரயிலுன்னே கெடந்தானுங்க சார். மார்க் கொறஞ்சுபோச்சு. இனிமே அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு நோட்டெல்லாம் கிழிச்சுப் போட்டேனுங்க. டியூஷனுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனானுங்க."

அந்த 'நோட்டை' மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு தெரிந்தது. அவன் ரீல்ஸ் போடுகிற பையனே இல்லை. ரயில் எண், எஞ்சின் எண், அது எந்த ஷெட், எத்தனை பெட்டி என்று மூன்று வருஷமா எழுதி வைத்திருந்த நோட்டு அது. அது இருந்தவரைக்கும் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். தெரிந்தவர்கள் பார்த்தால் அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள் என்று, நோட்டு கிழிந்த பிறகு ஊருக்கு வெளியே தண்டவாளத்துக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். தனியாக.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் ஒரு மருத்துவராக என் கருத்து இதுதான்: இந்த ஆசையைத் தடுத்தால் அது நிற்காது. உங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போகும். அதனால் தடுக்காதீங்க, கூடப் போங்க.

கூடப் போவது என்றால் எப்படி?

முதல் நாள் செலவு பத்து ரூபாய். பிளாட்பாரம் டிக்கெட். இரண்டு மணி நேரம் செல்லும். கையில் ஒரு நோட்டு, ஒரு பேனா. ஒரு பெரிய ஜங்ஷனில் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே ஒரு பெஞ்சில் உட்காருங்க. வருகிற எஞ்சினின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லுங்க.

அந்தப் பையன் சொன்ன எழுத்துகளுக்கு இதுதான் பொருள். முதல் எழுத்து பாதை. டபிள்யூ என்றால் அகலப் பாதை, அதாவது தண்டவாள இடைவெளி 1676 மில்லிமீட்டர். ஒய் என்றால் மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். இரண்டாவது எழுத்து எஞ்சினுக்கு எதில் ஓட்டம் என்பது. ஏ என்றால் ஏ.சி. மின்சாரம், டி என்றால் டீசல். மூன்றாவது வேலை. பி என்றால் பயணிகள், ஜி என்றால் சரக்கு, எம் என்றால் இரண்டும். ஆக டபிள்யூ.ஏ.பி-7 என்பது அகலப் பாதையில் மின்சாரத்தில் ஓடும் பயணிகள் எஞ்சின். டபிள்யூ.ஏ.ஜி-9 அதனுடைய உடன்பிறப்பு. ஏறக்குறைய அதே உடம்புதான், கியர் விகிதம் வேறு. ஒன்று வேகத்துக்கு, இன்னொன்று இழுவைக்கு.

பக்கத்திலேயே ஷெட் பெயரும் இருக்கும். ஈரோடு, அரக்கோணம், ராயபுரம் என்று. நம்ம ஊருக்கு வந்த எஞ்சின் வடக்கே எங்கோ ஒரு ஷெட்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும்போது வருகிற சந்தோஷத்தை அனுபவித்தால்தான் தெரியும். நான் அனுபவித்துவிட்டேன். முப்பத்து சொச்சம் வயசில்.

ரயிலுக்குள் இருக்கும்போது இன்னொரு விளையாட்டு. மின் பாதையில் கம்பங்களில் எண் இருக்கும், மேலே கிலோமீட்டர், கீழே அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை. மேல் எண் மாறுவதிலிருந்து அடுத்து மாறுவது வரை எத்தனை விநாடி என்று பாருங்க. 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வேகம் வந்துவிடும். 36 விநாடி என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். கணக்கு வராது என்று வாத்தியார் எழுதிக்கொடுத்த பிள்ளைகள் இதை மனசுக்குள்ளேயே போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதும். கதவுப் பக்கம் தலையை நீட்டினால் அந்தக் கம்பமே எமன்.

கடைசிப் பெட்டியின் பின்னால் பெரிய பெருக்கல் குறி இருக்கும், கவனித்திருக்கீங்களா? முழு ரயிலும் கடந்துவிட்டது, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷன்காரர்கள் உறுதிப்படுத்திக்கொள்ளும் அடையாளம் அது. ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று இருக்கும். அதை எல்லா ஊரிலும் குறித்துக்கொண்டே வந்தால் நம் ரயில் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று நோட்டிலேயே தெரிந்துவிடும்.

சரி, நீராவி எஞ்சினுக்கு வருவோம். ரயில் பைத்தியம் முற்றிய எல்லோரும் கடைசியில் போய் நிற்கும் இடம் அதுதான்.

நம்ம ஊர்ப் பெரியவர்கள் "கரி வண்டி" என்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டு ஏறி சாம்பல் சட்டையோடு இறங்கிய கதை உங்க தாத்தாவிடமும் இருக்கும், கேட்டுப் பாருங்க. 1990களோடு இந்திய ரயில்வேயில் அன்றாடப் பயணத்திலிருந்து நீராவி ஏறக்குறைய முழுசாக விலகிவிட்டது. இன்றைக்கும் தினசரி கால அட்டவணையில் நீராவி எஞ்சின் மலை ஏறுகிற ஒரு பாதை நம்ம மாநிலத்தில் இருக்கு. மேட்டுப்பாளையம் – ஊட்டி. 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்தது. 2005 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

46 கிலோமீட்டர் தூரம். மேட்டுப்பாளையம் சுமார் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2200-க்கு மேல். நடுவில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 'இவ்வளவு நேரமா?' என்று கேட்பவர்கள் பஸ்ஸில் போங்க. உங்களுக்கானது இல்லை இது.

கல்லாறு தாண்டினால் சரிவு 12 மீட்டருக்கு 1 மீட்டர் வரை போகும். சமவெளியில் 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறினாலே கனமான கூட்ஸுக்கு மூச்சு வாங்கும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் இந்தச் சரிவில் வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டை பக்கம் பக்கமாகப் பதித்திருக்கும். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததற்கு இடைவெளி. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடிதான் இருக்கும். ஒரு கையை விடுவதற்கு முன் மறுகையால் அடுத்த பிடியைப் பிடித்துவிடும் பனையேறி மாதிரி.

எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். இணைப்பு அறுந்தால் பெட்டிகள் பின்னோக்கி உருண்டுவிடக் கூடாது இல்லையா? பின்னால் தள்ளும் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கொடி காட்டிக்கொண்டே வருவார். அவர்களைப் பாருங்க. எல்லாரும் பள்ளத்தாக்கை போட்டோ எடுக்கும்போது அவர் மட்டும் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. நீராவி எஞ்சினுக்கு 'சுக் சுக்' சத்தம் எப்படி வருது?

நெருப்பு தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. நீராவி சிலிண்டருக்குள் போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியாக மேலே சீறும். அந்தச் சீறல்தான் 'சுக்'. சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு முறை. மேலே சீறும் நீராவி கூடவே புகையையும் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே காலியான இடத்துக்கு அடுப்புக்கு அடியிலிருந்து புதுக் காற்று வேகமாகப் பாயும். நெருப்பு இன்னும் கொழுந்துவிட்டு எரியும். அதாவது எஞ்சின் எவ்வளவு கஷ்டப்பட்டு வேலை செய்கிறதோ அவ்வளவு பலமாகத் துருத்தி ஊதும். நாம் மாடிப்படி ஏறும்போது உடம்பு கேட்காமலே மூச்சு கூடுகிற மாதிரி. மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் வகுப்பில் தூங்கிய எனக்கு இதைப் படித்த அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நீலகிரி எஞ்சின் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அதற்கு நான்கு சிலிண்டர். ஒரு ஜோடி சாதாரண சக்கரத்தைச் சுற்றும். அங்கே வேலை முடித்த நீராவியை வெளியே விடாமல் இன்னொரு ஜோடிக்கு அனுப்பி பல் சக்கரத்தைச் சுற்ற வைப்பார்கள். முதலில் இவை சுவிட்சர்லாந்தில் செய்து வந்தவை. இந்த நூற்றாண்டில் திருச்சி பொன்மலை பணிமனையிலேயே புதுசா கட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் காலத்தில் நீராவி எஞ்சின் கட்டத் தெரிந்த கைகள் நம்ம திருச்சியில் இருக்கின்றன என்பதை எத்தனை என்ஜினியரிங் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்?

டிக்கெட் கிடைப்பது கஷ்டம். முன்பதிவு திறந்த உடனே தீர்ந்துவிடும். கிடைக்கலைன்னா விடுங்க. குன்னூர் ஸ்டேஷனில் போய் நின்றாலே போதும். அங்கேதான் நீராவி எஞ்சின் கழன்று டீசல் மாட்டும், ஊட்டி வரை டீசல்தான். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதையே நிற்பதுண்டு, 139-இல் கேட்டுவிட்டுக் கிளம்புங்க. புகைத் துகள் கண்ணில் விழுந்தால் கசக்காதீங்க. சுத்தமான தண்ணீரால் கழுவுங்க. உறுத்தல் போகலைன்னா கண் மருத்துவரைப் பாருங்க. ஆஸ்துமா இருக்கும் பிள்ளைக்கு இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும்.

மலை ஏற முடியாதவர்களுக்குச் சென்னையில் ஐ.சி.எஃப். பக்கம் ரயில் அருங்காட்சியகம் இருக்கு, திருச்சியிலும் ஒன்று. பழைய எஞ்சின்களைப் பக்கத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். ராயபுரம் ஸ்டேஷன் கட்டடம் 1856-ஐச் சேர்ந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். இணையத்தில் ஐ.ஆர்.எஃப்.சி.ஏ. என்று இந்திய ரயில் ரசிகர்களின் பழைய குழு ஒன்று இருக்கு. நீராவிக் காலத்துப் படங்கள் கொட்டிக் கிடக்கும். பொம்மை ரயில் செட், விலையுயர்ந்த கேமரா எல்லாம் அப்புறம். ஆரம்பத்திலேயே பணத்தைக் கொட்டினால் பிள்ளைக்குப் பொருள் மேல்தான் ஆசை வரும்.

நடுவில் ஒரு விஷயம். "டாக்டர், எம்பையன் எந்நேரமும் ரயிலையே பேசுறான், ஆட்டிசமா இருக்குமா?" என்று ஓ.பி.யில் கேட்கிறார்கள். ரயில் ஆசையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. பேச்சு வரத் தாமதம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, கண் பார்த்துப் பழகாமை இவையும் கூட இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்க. மாவட்ட அளவில் இடையீட்டுச் சேவை மையங்கள் அரசிடமே இருக்கின்றன. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ரயில் பிடித்திருந்தால் அதையும் பிடுங்காதீங்க. அவனிடம் பேச உங்களுக்குக் கிடைத்த கதவே அதுவாக இருக்கலாம்.

இனி கண்டிப்பான பகுதி. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. ஓரமாகக்கூட. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147 படி அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. சட்டத்தை விட நம் மூளை ஆபத்தானது. ரொம்பப் பெரிய பொருள் தூரத்திலிருந்து நம்மை நோக்கி வரும்போது உண்மையைவிட மெதுவாக வருவதாகத்தான் தெரியும். இன்னும் நேரம் இருக்கு என்று தோன்றும், இருக்காது. எஞ்சின் மட்டுமே 123 டன். எக்ஸ்பிரஸ் டிரைவர் அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

இரட்டைப் பாதையில் முதல் ரயிலின் சத்தம் இரண்டாவது ரயிலின் சத்தத்தை மூடிவிடும். இந்தப் பையனுக்கு நடந்தது அதுதான். அவனை விட ரயிலைப் பற்றித் தெரிந்தவன் அந்த ஊரில் யாரும் கிடையாது.

நிற்கும் சரக்குப் பெட்டி மேல் ஏறக் கூடாது. மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டாம், பக்கத்தில் போனாலே தாவும். அப்படி வந்த தீக்காயங்களை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை.

போட்டோ எடுக்க நடைமேம்பாலம் நல்ல இடம். ஃப்ளாஷ் வேண்டாம், டிரைவருக்குக் கண் கூசும். ஆர்.பி.எஃப். கேட்டால் நோட்டைக் காட்டிப் பதில் சொல்லுங்க. எடுக்க வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைங்க.

ரயில்வேக்கும் ஒரு கோரிக்கை உண்டு. வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு ஷெட்டையும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்க. ஒரு டிரைவர் ஒரு மணி நேரம் பேசட்டும். 'தண்டவாளத்தைக் கடக்காதீர்' என்று எழுதிய நூறு பலகையை விட, ஒருவர் மேல் ஏற்றிவிட்டு அந்த இரவு வீட்டுக்குப் போன கதையை ஒரு டிரைவர் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

அந்தப் பையன் இப்போது செயற்கைக் காலில் நடக்கிறான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கை கொடுத்தது. ஆறு மாதம் கழித்து ஓ.பி.க்கு வந்தபோது அவன் அப்பா பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து என் மேஜையில் வைத்தார். அட்டை போட்டிருந்தது. முதல் பக்கத்தில் எழுதியிருந்தது பையன் கையெழுத்து இல்லை. கோணல் மாணலாகப் பெரியவர் எழுத்து. தேதி, ரயில் பெயர், எஞ்சின் எண்.

"இவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கிறேனுங்க. பிளாட்பாரத்துல பெஞ்சுல உக்காந்துக்குவோம்."

பையன் நடுவில் புகுந்தான். "அப்பா ரெண்டு தடவ ஏ.ஜி-யை ஏ.பி-ன்னு எழுதிட்டாரு சார்."

எனக்கு அடுத்த ஞாயிறு டியூட்டி இல்லை. மூன்று பேரும் குன்னூர் போகிறோம். டிக்கெட் கிடைக்கவில்லை, பஸ்ஸில்தான்.